சாய்வு நாற்காலிக்கு மட்டும்தான் ஓய்வு

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், கொடைக்கானல் குளிரில் கைகளைச் சால்வைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு கைதட்ட மறுக்கும் பெருமக்களுக்கும் வணக்கம்.

பணி ஓய்வு பெற்ற சிற்றூர்த் தம்பதியரின் பொழுது கழிவது ஓய்விலா, ஓட்டத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டத்தில்தான் என்று பேச வந்திருக்கிறேன். பண்ணைக்காட்டிலிருந்து வரும் பேருந்தை நான் ஓடித்தான் பிடித்தேன் என்பதால், மேடை ஏறுவதற்கு முன்பே என் அணிக்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். என் கணவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, 2018 மே மாதம் 58 வயதில் ஓய்வு பெற்றார். எனக்கு 2020 ஜூனில் ஓய்வு வந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. சரி, இன்னும் ஓர் ஆண்டுதானே என்று இருந்தால், 2021 இல் அதை 60 ஆக்கியது. நான் நெருங்க நெருங்க, ஓய்வு எங்கள் ஊர்க் காட்டு மாட்டைப் போல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டது. 2022 ஜூனில்தான் ஒருவழியாக அதைப் பிடித்தேன்.

என் கணவரின் பிரிவு உபசார விழாவில் சக ஆசிரியர்கள் ஒரு சாய்வு நாற்காலியைப் பரிசளித்தார்கள். தேக்குச் சட்டமும் கோடு போட்ட கெட்டித் துணியும் கொண்ட நல்ல நாற்காலி. "ஐயா இனி இதில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்க்கட்டும்" என்று ஒருவர் கண் கலங்கப் பேசினார். நடுவர் அவர்களே, அந்த நாற்காலியின் வரலாற்றைத் தாங்கள் கேட்டே ஆக வேண்டும்.

ஜூன் முதல் நாள் காலை ஆறு மணிக்கு என் கணவர் அதில் சாய்ந்தார். ஆறாவது நிமிடம் வாசற்கதவின் கொண்டி சத்தமிட்டது. மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், விண்ணப்பத்தை எழுதித் தாருங்கள் பெரிய சார் என்று ஒருவர் வந்து நின்றார். வந்தவரை நிற்க வைப்பது எங்கள் வழக்கமில்லை. ஆகவே அவர் நாற்காலியில் சாய்ந்தார். என் கணவர் திண்ணைத் தரையில் அமர்ந்து எழுதினார். இரண்டாம் நாள் வங்கிக் கணக்கு முடங்கிப்போன ஒருவர் வந்து சாய்ந்தார். மூன்றாம் நாள், தன் மாமியாரைப் பற்றி என்னிடம் முறையிட வந்த ஒரு மருமகள் சாய்ந்தாள். நான்காம் நாள் அந்த மாமியாரே வந்து சாய்ந்தார்.

பிறகு அதன் மேல் மிளகு காய்ந்தது. மிளகை அள்ளிய மறுநாள் பூனை ஒன்று அந்தத் துணித் தொட்டிலில் மூன்று குட்டிகளை ஈன்றது. பிள்ளை பெற்றவளை எழுப்பக் கூடாது என்பது செவிலியரான என் கட்டளை. பூனை குடிபெயர்ந்த அன்று, இனியாவது சாய்வோம் என்று என் கணவர் செய்தித்தாளோடு வந்தார். அங்கே ஒரு குரங்கு, எங்கள் மரத்து ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்காகச் செய்த நாற்காலியில், அது செய்யப்பட்ட நோக்கத்தை முழுமையாக நிறைவேற்றிய ஒரே உயிர் அந்தக் குரங்குதான்.

எனவே எங்கள் வீட்டில் ஓய்வு என்பது உண்டு. அது நாற்காலிக்கு உண்டு.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும், கொஞ்சம் மலைவாழையும் இருக்கின்றன. வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்துவிட்டதா என்று குருத்துகளைப் பார்ப்பதோடு என் கணவரின் காலை தொடங்குகிறது. காப்பி எடுப்புக் காலம் வந்துவிட்டாலோ எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அன்று பறித்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். விட்டுவைத்தால் பழம் புளித்துச் சரக்கு கெட்டுவிடும். பிறகு ஊறவைத்து, கொழகொழப்பு நீங்கக் கழுவி, களத்தில் பரப்பி, நாள் முழுவதும் கிளறிக் காய வைக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று என் கணவர் ஒரு கொட்டையைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். சில ஆண்டுகளாக அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லாததால், கடிக்கும் பொறுப்பு எனக்கு மாற்றப்பட்டுள்ளது. நடுவில் மேகம் இறங்கினால், இருவரும் தார்ப்பாயின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு களத்தில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் எதிரணியினர் எங்கள் பக்கம் வந்து அமர்ந்துவிடுவார்கள். இவ்வளவும் போக, நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கொரு முறை நேர்காணலில் மெய்ப்பித்தாக வேண்டும். அந்த உயிரைக் காட்டுவதற்கும் ஓடத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது, எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பிக்கு வருகிறேன். "ஓய்வு பெற்றவர்களுக்கு இரண்டே வேலைகள்தாம், காலையில் மாத்திரையைத் தேடுவது, மாலையில் மூக்குக் கண்ணாடியைத் தேடுவது" என்றார். நீங்கள் எல்லோரும் சால்வையை விலக்கிக் கைதட்டினீர்கள். தட்டிய கைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, தேடுகிறோம் என்பது உண்மை. சென்ற ஆண்டு என் கணவரின் கண்ணாடியை மூன்று நாள் தேடினோம். பரணில் தேடினோம், காப்பி மூட்டையை அவிழ்த்துத் தேடினோம், அந்தக் குரங்கின் மேலும் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. நான்காம் நாள் காலை, எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கின் மேல் என் கணவரின் கண்ணாடி இருந்தது. முதியோர் உதவித்தொகை மனுவில் எங்கே கைநாட்டு வைப்பது என்று தெரியவில்லை என்றாராம். இதைப் போட்டுப் பாருங்கள் என்று இவர் கழற்றிக் கொடுத்தாராம். பார்த்தவர் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கண்ணாடியைக் கேட்டேன். பாட்டி தரவில்லை. முறத்திலிருந்து சிறு கல் ஒன்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "இத்தனை வருசமா இதையெல்லாம் சோத்துல போட்டிருக்கேன் நர்சம்மா. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமத் தின்னுட்டுப் போய்ச் சேர்ந்துட்டார்" என்றார். அந்தக் கல் மிளகில் பாதி கூட இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் திருப்பிக் கேட்கத் தம்பியால் முடிந்திருக்குமானால், அவர் அணியே வெல்லட்டும்.

அதன் பிறகு கண் முகாம் என்றைக்கு என்று விசாரித்து, பாட்டியையும் அவரைப் பார்த்துத் தாங்களும் வருகிறோம் என்ற இன்னும் ஏழு பேரையும் வத்தலக்குண்டுக்கு இறக்கி, அவர்களில் மூவருக்குக் கண்புரை அறுவை முடியும்வரை உடனிருந்து, சொட்டு மருந்தை நான் வேளை தவறாமல் ஊற்றி வந்தேன். மாத்திரையைத் தேடுவதும் அப்படித்தான். எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை மாத்திரை, யாருக்கு இரத்த அழுத்த மாத்திரை என்ற கணக்கு என் தலையில் இருக்கிறது. நான் தேடுவது பெரும்பாலும் அடுத்தவர் மாத்திரையை, தம்பி.

கண் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே 1976 இல் மதுரையில் வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்த அவர், அந்த விரல்களாலேயே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். அவருக்கும் யாராவது ஒரு சாய்வு நாற்காலி கொடுத்திருப்பார்கள். அவர் மணம் புரியாதவர், தலைப்பு தம்பதியரைப் பற்றியது என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும்.

நடுவர் அவர்களே, தாங்கள் மணியின் மேல் கை வைத்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது எந்த அணிக்குச் சாதகம் என்று எனக்குத் தெரியவில்லை.

கடந்த தை மாதம் மிளகு பறிக்க ஏணியில் ஏறிய என் கணவர் சறுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். அப்போதுதான் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்தது. ஒரு மாலை அதில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னை அழைத்து ஒரு கணக்குச் சொன்னார். எங்களுக்கு மணமான பிறகு இந்த மலையில் மூன்று முறை குறிஞ்சி பூத்திருக்கிறது. 1994 இல் எனக்கு நிறைமாதம். 2006 இல் இருவருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. 2018 இல் அவர் ஓய்வு பெற்று, வா போகலாம் என்று தினமும் அழைத்தார். எனக்குத் தடுப்பூசி முகாம்களாக வந்துகொண்டிருந்தன. நானில்லாமல் அவரும் போகவில்லை. ஒரு பேருந்துத் தொலைவில் மலை மூன்று முறை நீலமானது. நாங்கள் அதைச் செய்தித்தாளில் பார்த்தோம்.

"அடுத்தது 2030. எனக்கு எழுபது, உனக்கு அறுபத்தெட்டு. போவோமா?" என்று கேட்டார். கேட்கும்போது கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளாக அவரைப் பார்த்து வருகிறேன்; அவருக்கு வயதாகிவிட்டது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் எதுவும் இருக்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நன்றி. தீர்ப்பைக் கேட்க எனக்கு நேரமில்லை. கடைசிப் பேருந்துக்குப் போக வேண்டும். இருட்டிய பிறகு எங்கள் சாலையில் காட்டு மாடுகள் நிற்கும் என்பதால், சொன்னாலும் கேட்காமல், கால் தாங்கித் தாங்கி நடந்து வந்து அவர் நிறுத்தத்தில் காத்திருப்பார். கையில் டார்ச் இருக்கும். பேட்டரியை மாற்றச் சொல்லியிருந்தேன், மாற்றியிருக்க மாட்டார்.