நெல்லுக்குப் பெரிய எழுத்து உண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா காவிரிக் கரையில் நெல்லும் வாழையும் பயிரிடுகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். காவிரிக்கு முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தாள், சரி. நெல்லைக் குறிக்கும் 'பேடி'க்கும் வாழையைக் குறிக்கும் 'பனானா'வுக்கும் பெரிய எழுத்தே போட்டிருந்தாள். சிவப்பு மையால் இரண்டையும் சுழித்துவிட்டு அவளை அழைத்துக் கேட்டேன்.

"பயிர்தானே சார் பொதுப்பெயர்? நெல் சிறப்புப்பெயர் என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தாரே" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது தமிழ் இலக்கணப்படி முழுக்கச் சரி.

நன்னூலில் பவணந்தி முனிவர் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரித்து, இரண்டிலும் பொது, சிறப்பு என்று வகுத்திருக்கிறார். மரம் பொது, மா, பலா, பனை சிறப்பு. பறவை பொது, மரங்கொத்தி சிறப்பு. ஆங்கில இலக்கணம் அந்த இடத்தில் கோடு கிழிப்பதில்லை. அதன் கணக்கில் மரமும் காமன் நவுன், பனையும் காமன் நவுன், மரங்கொத்தியும் காமன் நவுன். வரப்பில் நூறு பனை நின்றாலும் நூறுக்கும் அதே பெயர்தான். ஒன்றுக்கென்று தனியாகச் சூட்டிய பெயருக்குத்தான் அங்கே ப்ராப்பர் நவுன் என்ற தகுதியும், அதனால் பெரிய எழுத்தும்: காவிரி, கும்பகோணம், வெண்ணாறு. நாங்களோ காமன் நவுனைப் பொதுப்பெயர் என்றும், ப்ராப்பர் நவுனைச் சிறப்புப்பெயர் என்றும் சொல்லி வகுப்பைக் கடந்துவிட்டோம். தமிழைக் கவனமாகப் படித்த பிள்ளைதான் அதில் தடுக்கி விழுந்தாள். அன்றைக்கே அந்தச் சிவப்புச் சுழிக்குப் பக்கத்தில் 'தமிழில் சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதன்பிறகு வகுப்பில் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தார்களா? வகுப்பில் நான்கு கார்த்திக் இருந்தால் நான்கு தொட்டில். ஆகவே ப்ராப்பர் நவுன். நெல்லுக்குத் தொட்டில் இல்லை. ஆனால் பொன்னிக்கு உண்டு. அது ஆற்றுக்கும் பெயர், நெல் ரகத்துக்கும் பெயர். இரண்டுக்கும் பெரிய எழுத்துத்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களில் 'ஏ.டி.டி.' என்று வருகிறதே, அது ஆடுதுறையின் பெயர்ச் சுருக்கம். அதற்கும் அப்படியே.

கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து, பருவத்துக்குச் சிறியது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-இல் ஜூனுக்குப் பெரிய எழுத்து, அதற்கு முந்தைய கோடைக்குச் சிறிய எழுத்து. இன்னொன்று: ஆற்றின் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'தி' வரும், ஊரின் பெயருக்கு வராது. 'தி காவேரி' உண்டு, 'தி தஞ்சாவூர்' இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று இருக்கிறது. நம்முடைய அணைக்கட்டு என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'அனிகட்' ஆகியிருக்கிறது. ஆங்கில அகராதியில் அது சாதாரணக் காமன் நவுன். எந்த ஆற்றின் குறுக்கே கட்டிய எந்தத் தடுப்பணைக்கும் பொருந்தும். ஆகவே சிறிய எழுத்து. அதுவே கல்லணையைக் குறிக்க 'கிராண்ட் அனிகட்' என்று வந்தால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய மேலணையும் கீழணையும் 'அப்பர் அனிகட்', 'லோயர் அனிகட்'. அவற்றுக்கும் பெரிய எழுத்து. நம் ஊர்ச் சொல் ஒன்றே ஆங்கிலத்தில் பொதுவாகவும் தனிப்பெயராகவும் நிற்கிறது. இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அந்த மாணவி ஆண்டு இறுதியில் கல்லணையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினாள். 'அனிகட்' ஐந்து இடங்களில் வந்தது. இரண்டில் பெரிய எழுத்து, மூன்றில் சிறிய எழுத்து. ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்தும் சரி.

வணக்கம்.