மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் உங்களில் பலர் குசினிக்குள் நிற்பீர்கள். சிலர் வேலையால் வரும் வழியில், பஸ்ஸுக்குள் இருந்தபடி, இரவுக்கு எந்தக் கடையில் பார்சல் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டு கேட்பீர்கள். இரண்டாவது ஆட்களோடுதான் இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன்.

நான் முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவள். கொஞ்ச நாளைக்கு முதல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியைக் கண்டேன். இப்போது வங்கியில் வேலை செய்கிறாள். கையில் இரண்டு கொத்துரொட்டிப் பார்சல். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்: "ரீச்சர், வேலை முடிஞ்சு வீட்டை வர ஆறரை ஆகுது. பிள்ளையள் பசியோட இருக்குதுகள். எப்ப மாக் குழைச்சு, எப்ப கறி வைக்கிறது?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். அவளுக்கு ஆறரை மணி ஒரு பிரச்சினையே இல்லை. ஆறரை மணிக்கு அவளுடைய குசினித் தட்டில் ஒன்றும் இல்லை, அதுதான் பிரச்சினை.

எங்கள் அம்மாமார் ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்தார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படியில்லை. அவர்களுடைய வீட்டில் எந்த நேரமும் பாதிச் சமையல் முடிந்தே இருந்தது. போத்தலில் கறித்தூள் இருக்கும். ரின்னில் வறுத்த அரிசிமா, இன்னொன்றில் அவித்து அரித்த கோதுமை மா. வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், தேசிக்காய் ஊறுகாய். பனங்கிழங்குக் காலம் முடிந்தால், கிழங்கைப் பச்சையாகக் காயவைத்த ஒடியலும் அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும். கடைக்காரர் இன்றைக்குப் பைக்கற்றில் அடைத்து விற்கும் ஆயத்தச் சாப்பாடு அன்றைக்கு வீட்டிலேயே இருந்தது, அதை வீட்டுக்காரரே செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பாதியை நாங்கள் கைவிட்டோம். பிறகு மற்றப் பாதி மலை போலத் தெரிகிறது.

இதை நான் புரிந்துகொண்டது 1995 இல். ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் எல்லாம் வெளிக்கிட்டது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். நாவற்குழிப் பாலம் தாண்டி, மழைக்குள், ஓரடி வைக்கவும் இடமில்லாமல் நடந்தோம். அப்பாவின் சைக்கிளில் இரண்டு உரப்பை. ஒன்றுக்குள் உடுப்பும் காணி உறுதிகளும். மற்றதற்குள் அம்மா என்ன வைத்தார் என்று எனக்குத் தெரியாது. பாரமாக இருந்தது, வழி முழுக்க அப்பா அதைத் திட்டிக்கொண்டே தள்ளினார்.

மீசாலையில் ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. நாலு குடும்பம், ஒரு விறாந்தை, முற்றத்தில் மூன்று கல் வைத்த அடுப்பு. அடுத்த நாள் காலையில் அம்மா அந்த உரப்பையை அவிழ்த்தார். ஒரு பால்மா ரின் நிறையக் கறித்தூள். தலையணை உறைக்குள் வறுத்த அரிசிமா. ஒரு சின்னப் போத்தலில் வடகம். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைக்கூட விடவில்லை, நசிந்துபோய் அதற்குள் இருந்தது. வீட்டுக்கார அம்மா இரண்டு தேங்காய் தந்தார். வேலியில் முருங்கை நின்றது. ஒரு மணித்தியாலத்துக்குள் பத்தொன்பது பேருக்குப் புட்டும், முருங்கையிலை வறையும், பொரித்த வடகமும். அப்பா புட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பையைத் திட்டினது பிழை" என்றார்.

அடுத்த வருடம் சித்திரையில் ஊர் திரும்பினோம். வந்த கிழமையே அம்மா செத்தல் மிளகாய் வாங்கிக் காயப் போட்டார்.

சரி, தூளுக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும். இதை இன்னொருமுறை சொல்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டுக் கணக்கு இது: ஒரு கிலோ செத்தலுக்கு ஒரு கிலோ மல்லி, 250 கிராம் பெருஞ்சீரகம், 200 கிராம் மிளகு, 100 கிராம் நற்சீரகம், 50 கிராம் வெந்தயம், 50 கிராம் மஞ்சள், இரண்டு கைபிடி கறிவேப்பிலை. சின்னக் குடும்பம் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று வறுபடும் நேரத்தில் மற்றது கருகும். வெந்தயம் கருகினால் தூள் முழுக்கக் கைக்கும். வானொலியில் உங்களுக்கு நிறத்தைக் காட்ட முடியாது, அதனால் சத்தத்தைச் சொல்கிறேன். மல்லியைக் கிண்டும்போது முதலில் சத்தம் மந்தமாக இருக்கும், ஈரம் போனதும் மணல் கிண்டுவது போலச் சலசலக்கும். அப்போது இறக்குங்கள். கறிவேப்பிலை கைக்குள் நொறுங்க வேண்டும். செத்தல் வறுக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், தொட்டிலில் பிள்ளை இருந்தால் அடுத்த வீட்டில் விடுங்கள். எல்லாம் ஆறிய பிறகு மில்லுக்குக் கொண்டுபோங்கள். அரைத்து வந்த சூட்டோடு போத்தலில் அடைக்காதீர்கள். வேர்த்துப் பழுதாகிவிடும். பேப்பரில் பரப்பி ஆறவிடுங்கள்.

கடைத் தூளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தூளின் மணம்தான் கறியின் முக்கால்வாசி. அதைப் பைக்கற்றில் வாங்கினால் எல்லா வீட்டுக் கறியும் ஒரே கறியாகிவிடும். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் குழம்பும் அடுத்த வீட்டுக் குழம்பும் ஒன்றாக இருந்ததே இல்லை.

அரிசிமாவுக்கும் அதே சனிக்கிழமைதான். சிவப்புப் பச்சையரிசியை நாலு மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து, மில்லில் இடித்து, அரித்து, வறுக்க வேண்டும். மொட்டைக்கறுப்பன் என்ற எங்கள் ஊர் அரிசி கிடைத்தால் விடாதீர்கள். மா பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் இழுத்துப் பாருங்கள், கோடு அறாமல் விழுந்தால் சரி.

இப்போது அந்தப் பிள்ளையின் ஆறரை மணிக்கு வருவோம். வந்ததும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மாவில் உப்புப் போட்டு, கொதிதண்ணீர் விட்டுக் கிளறி, சுண்டுப் பேணியால் கொத்தி, தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் போட்டால் கால் மணித்தியாலம். அது அவியும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் சொதி. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், தண்ணீர். வெந்ததும் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வர இறக்கி, பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும். ஏழேகாலுக்குப் பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள். கொத்துரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

தேங்காயை யார் திருவுவது என்ற கேள்வி வரும். வீட்டில் கை உள்ள எவரும் திருவலாம். என்னுடைய மகன் பத்து வயதில் திருவலையில் ஏறி இருந்தவன், இப்போதும் அவன்தான். சமையல் ஒரு ஆளின் தலையில் மட்டும் விழும் வீட்டில் பார்சல் வருவதைத் தடுக்க முடியாது. அதை நான் நிச்சயமாகச் சொல்வேன். இன்னொன்று. எங்கள் ஒழுங்கைகளில் வீட்டிலேயே இடியப்பம் அவித்து விற்கும் அக்காமார் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள். அது பைக்கற்றுச் சாப்பாடு இல்லை, அதுவும் ஒரு வீட்டு அடுப்பில் வெந்ததுதான்.

ஒடியல் கூழைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன், நேரம் போய்விட்டது, நிலையத்துத் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒடியல் மாவை முதலே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள், கைப்புப் போகும். மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்த பிறகுதான் மாவும் பழப்புளியும் அரைத்த செத்தலும். பானை பெரிதாக இருக்கட்டும், மா விட்டதும் பொங்கும். பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

வணக்கம்.