ஒடம்பு எளைச்சாச்சுல்லா, இன்னும் எதுக்கு ஓடுத?

(பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியின் விளையாட்டு விழாவில் பேசியது. நேரமில்லாமல் விட்டுப்போன ஒன்றிரண்டு விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முதலில் ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 2 மணி 45 நிமிடம். முழு மாரத்தானை, அதாவது 42.195 கிலோமீட்டரை, இந்த நேரத்துக்குள் ஓடி முடிக்கணும். இதற்காகத்தான் மூன்று வருடமாக ஓடுகிறேன். இதுவரை எனக்குக் கிடைத்த நல்ல டைமிங் டெல்லியில் ஓடிய 3 மணி 4 நிமிடம் 38 விநாடி, ஆக இன்னும் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு வயது 33. ஆறு வயதில் ஒரு மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் வேலை, காலை ஏழரைக்குப் போய் நிற்கணும்.

காலையில் இந்த மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டம் பார்த்தேன். கடைசியாக வந்த பிள்ளையும் 20 விநாடிக்குள் கோட்டைத் தொட்டுவிட்டாள். எனக்கு வேண்டியது 23 அரை விநாடிதான். உங்களில் யாரும் அதை ஓடிவிடலாம். ஆனால் ஓடி முடித்ததும் நிற்கக் கூடாது, அடுத்த 100 மீட்டரும் அதே 23 அரை, அதற்கடுத்ததும் அதே, இப்படி 422 தடவை. மாரத்தான் வேகம் என்றால் இதுதான்.

சரி, ஏன் 2:45? அமெரிக்காவில் ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு மாரத்தான் நடத்துவார்கள். 2020இல் அட்லாண்டாவில் நடந்ததில் பெண்கள் கலந்துகொள்ள வைத்திருந்த டைமிங் 2:45. ஒலிம்பிக்குக்குப் போகப் போவது மூன்றே மூன்று பேர், ஆனால் அந்த எல்லைக்குள் ஓடித் தகுதி பெற்ற பெண்கள் 500 பேருக்கு மேல். அவர்களில் டீச்சர், நர்ஸ், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று நிறையப் பேர் உண்டு. அடுத்த தடவை, 2024க்கு, அதை 2:37 ஆக்கி இறுக்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2018 பாஸ்டன் மாரத்தானில், கொட்டுகிற மழையிலும் குளிரிலும் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பாதியில் விலகிக்கொண்டிருந்தபோது, மயக்க மருந்துப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்த சாரா செல்லர்ஸ் 2:44:04இல் இரண்டாவதாக வந்தார். யாரும் அவரைக் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் 2:45 எனக்கு ஒட்டிக்கொண்டது. வேலைக்குப் போகிற பெண்கள் எட்டிப் பிடித்த எண் அது.

நம் நாட்டில் இதன் மதிப்பு என்ன என்றும் சொல்கிறேன். 2024 மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தவரின் டைமிங் 2:47:11. வயநாட்டுக்காரர் ஓ.பி. ஜெய்ஷா 2015இல் பெய்ஜிங் உலகப் போட்டியில் ஓடியது 2:34:43. நான் குறிவைப்பது ஜெய்ஷாவுக்கு எவ்வளவோ பின்னால். ஆனால் அந்த நேரத்தில் ஓடினால் முன்னணி ஓட்டக்காரர்கள் நிற்கிற எலைட் வரிசையில் எனக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்று தைரியமாகக் கேட்கலாம்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஓட ஆரம்பித்தது பிரசவத்துக்குப் பிறகு எடை குறைக்கத்தான். அப்போது வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவிலும் நல்ல பெயர்தான், "நல்லா எளைச்சுட்டியே" என்று விசேஷ வீடுகளில் பாராட்டுவார்கள். எடை குறைந்து முடிந்தது. அதற்குப் பிறகும் காலை நாலரைக்குக் கதவைத் திறந்தேன் பாருங்கள், அத்தை கேட்டார்: "ஒடம்பு எளைச்சாச்சுல்லா, இன்னும் எதுக்கு ஓடுத?"

அத்தை தப்பாகக் கேட்கவில்லை. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. பெண் இளைக்க ஓடலாம், சுகர் குறைய நடக்கலாம், டாக்டர் சொன்னார் என்றால் இன்னும் நல்லது. ஆனால் வேகமாக ஓடணும் என்பதற்காகவே ஓடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், எதிரே இருக்கிறவர் முகம் மாறும். நானும் ரொம்ப நாள் அதைச் சொல்லாமல் "சும்மா ஃபிட்னெஸுக்கு" என்றே சமாளித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் என் உடம்பில் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

இளைக்க ஓடுகிறவள் தட்டில் குறைத்துப் போட்டுக்கொள்வாள். வேகத்துக்கு ஓடுகிறவள் நிறையச் சாப்பிடணும். நான் வாரம் 80 கிலோமீட்டர் ஓடிக்கொண்டு, ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவேன், ஏனென்றால் இளைத்திருந்தால்தானே எல்லாரும் பாராட்டுகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணித் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் ஏறி வந்தது. மும்பை மாரத்தானுக்குச் சரியாக ஐந்து வாரம் இருந்தது, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வடிந்த பிறகு பத்து நாள் சேறு அள்ளினோம். ஜனவரி 21ஆம் தேதி மும்பையில் 35 கிலோமீட்டர் தாண்டிப் பெடர் ரோடு மேட்டில் ஏறும்போது தொடை இரண்டும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. 3:21இல் முடித்தேன், முந்தின வருடத்தை விட ஐந்து நிமிடம் மோசம். வெள்ளத்தால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ரெட்டியார்பட்டி மேட்டில் சாதாரண எட்டு கிலோமீட்டர் ஓட்டம். பாதியில் நின்று ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன், மூச்சு வாங்கியது, காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது. அன்றைக்கு வேலைக்குப் போனதும் கூட வேலை பார்க்கிற அக்காவிடம் கையை நீட்டினேன். ஹீமோகுளோபின் 9.6. ஃபெரிட்டின் 7.

ஹீமோகுளோபின்தான் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து போகிறது. ஃபெரிட்டின் உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்புச்சத்தின் கணக்கு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 ஆவது இருக்கணும். 9.6ஐ வைத்துக்கொண்டு நான் எந்தப் பயிற்சி செய்தாலும் தசைக்குப் போதுமான ஆக்ஸிஜன் போகாது. மாதவிலக்கில் இரும்பு போகிறது, வியர்வையில் கொஞ்சம் போகிறது, நீண்ட தூரம் ஓடும்போது பாதம் தரையில் அடிக்கிற அடியில் சிவப்பணுக்கள் உடைவதும் உண்டு, இவ்வளவும் போகும்போது நான் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்களில் பாதிப் பேர் "எனக்கு ஓட வராது" என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். முதலில் ரத்தத்தைப் பாருங்கள் பிள்ளைகளா.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை எலுமிச்சைச் சாற்றோடு போடணும், டீயோடு போடக் கூடாது, சாப்பிட்ட உடனே டீ குடித்தாலும் சாப்பாட்டில் உள்ள இரும்பு சரியாகச் சேராது. நம்மூரில் டீ இல்லாத வேளை ஏது, அதை விட எனக்கு ஒரு மாதம் ஆனது. இன்னொன்று, கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம், அப்படியே விட்டால் எலும்பு பலமிழந்து விரிசல் விடும். உடனே டாக்டரைப் பாருங்கள்.

ரத்தம் பார்த்த அன்று ராத்திரியே அந்த ரிப்போர்ட்டை அத்தை முன்னால் வைத்து, முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். "நான் இளைக்க ஓடல அத்தை. ரெண்டே முக்கால் மணி நேரத்துல ஓடணும்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அதுக்குத் தக்கன திங்கணும்லா" என்றார். மறுநாள் அடுப்பில் உளுந்தங்களி. கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டு, கைவிடாமல் கிண்டி, கரண்டியில் எடுத்தால் சட்டியை விட்டு மொத்தமாகச் சுருண்டு வருகிற பதத்தில், ஒரு உருண்டை நடுவில் குழி போட்டு அதில் மறுபடியும் எண்ணெய். இப்போது ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முடிந்து வந்தால் அது தயாராக இருக்கும். வார நாளில் முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை. எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.8க்கு வந்தது. அதற்கடுத்த பிப்ரவரியில்தான் டெல்லி, 3:04:38.

பயிற்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள்தான் வேகம், மீதி நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். மே மாதம் இங்கே விடியற்காலையிலேயே புழுங்கும், வியர்வை காயாது, அப்போது டைமிங்கைப் பார்க்கவே மாட்டேன். ஆடிக்காற்று வந்ததும் பேட்டை வழியாகச் சுத்தமல்லிப் பக்கம் போவேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும், போகும்போது அதை எதிர்த்து ஓடணும், திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்து ஏந்திக்கொண்டு வரும். இதை விட நல்ல பயிற்சிக்களம் எனக்கு எங்கேயும் கிடைக்காது.

முருகன்குறிச்சியில் விடியுமுன்னே பூக்கட்டுகிற ஆச்சி ஒருவர் இருக்கிறார். முதல் வருடம் என்னைப் பார்த்துப் பதறி, "யாரும் வெரட்டுதாவளா தாயி?" என்று எழுந்தே விட்டார். இப்போது நான் அந்த வழியாக வந்தால், கட்டுகிற கை நிற்காமலே, "நேத்தைக்கு இதவிட வெரசா வந்தியே" என்கிறார். அவரிடமும் 2:45ஐச் சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை 32 கிலோமீட்டர். காலை நாலேகாலுக்குச் சமாதானபுரத்தில் ஆரம்பித்து, திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் தாண்டி, 16 கிலோமீட்டர் ஆனதும் திரும்புவேன். கடைசி 10 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 55 விநாடி. வழக்கமாகத் தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சைக்கிளில் கூட வருவார், இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். உங்களில் யாருக்காவது சைக்கிள் இருந்து, வீட்டிலும் சம்மதித்தால், பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டில் களி உண்டு.