துர்க்கை அம்மனிட்டப் போறம் எண்டு சொல்லிப்போட்டு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், சபைக்கு வணக்கம், எதிரணிக்கும் வணக்கம். பத்து நிமிசம்தான் தந்திருக்கினம், தமிழை வாழ்த்திறதையும் விழாக்குழுவைப் புகழுறதையும் எனக்கு முதல் பேசினவை வடிவாச் செய்திட்டினம், நான் நேர விசயத்துக்கு வாறன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வெளியில சொல்லக் கூசுற வருத்தங்களையும் பிரச்சினையளையும் வீட்டு ஆக்களோட மனந்திறந்து கதைக்கிறது குடும்பத்தைக் காக்குமா, குலைக்குமா? காக்கும் எண்டு சொல்ல வந்தவள் நான்.

சற்று முன்னம் பேசின எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டவர், பின்னுக்கு நிண்ட பெடியள் விசிலும் அடிச்சவங்கள். "அப்ப இனிப் பொம்பிளை பாக்க வாறவைக்கு ரீயோடயும் பலகாரத்தோடயும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் தட்டில வைச்சுக் குடுக்கப்போறியளோ?" எண்டு. தம்பி, எழும்பிப் போயிடாதேங்கோ, உங்களிட்ட வருவன். முதல்ல ஒரு கதை.

எங்கட பக்கம் ஒரு ஒழுங்கையில நடந்தது. "சொல்லு பிள்ளை, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" எண்டு அவையே சொன்னபடியாத்தான் சொல்லுறன், பேர் சொல்லமாட்டன், காங்கேசன்துறை றோட்டுப் பக்கம் எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு ரீச்சர், பென்சன் எடுத்தவ. குளிக்கேக்க மார்பில ஒரு கட்டி தட்டுப்படுது. நோவில்லை. மார்புப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில அநேகமா நோகாது, நோகேல்லை எண்ட ஒரே காரணத்தால கனபேர் பேசாமல் இருந்திடுறவை, ரீச்சரும் பேசாமல் இருந்தா. மனிசனிட்டச் சொல்லேல்லை, மகளிட்டச் சொல்லேல்லை. பிறகு கட்டி பெருத்து, கை தூக்க ஏலாமல் வந்த பிறகுதான் மனிசனுக்குத் தெரியவந்து, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கத் தெல்லிப்பளை ஆசுப்பத்திரிக்குப் போகத் தொடங்கினவை.

ஊருக்கு என்ன சொல்லுறது? தெல்லிப்பளையில என்ன இருக்கு? துர்க்கை அம்மன் கோயில் இருக்கு. காணும்தானே! விடிய வெளிக்கிடேக்க பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "ரீச்சர், எங்க வெள்ளனப் பயணம்?" "துர்க்கை அம்மனிட்ட மாமி." "இண்டைக்கு வியாழனெல்லோ, துர்க்கைக்குச் செவ்வாயெல்லோ விசேசம்?" கிளினிக் கொப்பியில திகதி வியாழக்கிழமை போட்டிருக்கு, அதுக்கு ரீச்சர் என்ன செய்யிறது? "நேத்திக்கடன் மாமி, நேத்தி" எண்டிட்டா. மாமி விட்டாவோ, "அப்ப எனக்கும் குங்குமம் கொண்டந்து தாங்கோ" எண்டா.

இனி ரீச்சரின்ர மனிசன், அந்த மாஸ்டரை நினைச்சுப் பாருங்கோ. நாற்பது வருசம் பள்ளிக்கூடத்தில "பொய் சொல்லாதை" எண்டு படிப்பிச்ச மனிசன். மனிசியை வாங்கில இருத்திப்போட்டு, விடியத் தொடக்கம் நம்பருக்கு நிண்டு, மருந்து எடுத்து, மத்தியான வெயிலுக்க குங்குமத்துக்காகக் கோயிலுக்கு ஓடுறார். நடை சாத்தியாச்சு. என்ன செய்வார்? வாசல் கடையில குங்குமப் பக்கெற் ஒண்டு வாங்கி, வாழையிலைத் துண்டில கொட்டி, அருச்சனை செய்தது மாதிரி மடிச்சுக்கொண்டு வந்து மாமியிட்டக் குடுக்கிறார். மாமி கண்ணில ஒத்தி நெத்தியில வைக்கிறா!

பிறகு மருந்து ஏத்த ஏத்தத் தலைமயிர் கொட்டுது. இப்ப ஊருக்கு என்ன சொல்லுறது? மொட்டை நேத்தி! ஒழுங்கை முழுக்க ஒரே கதை, "என்ன பக்தியப்பா, இந்த வயசில முடியையே குடுத்திட்டா" எண்டு. மனிசி சத்தி எடுத்துக் களைச்சுப் படுத்திருக்கு, வீட்டு விறாந்தையில ஆக்கள் வந்து நிண்டு "ரீச்சர், நீங்கள் கும்பிட்டால் அம்மன் கேப்பா, எங்கட மகளுக்கும் ஒரு கலியாணம் சரிவர வேண்டிக்கொள்ளுங்கோ" எண்டு கேக்கினம். எழும்பி இருந்து, ஓம் ஓம் எண்டு தலையாட்டி அனுப்பியிருக்கிறா அந்த மனிசி, உடம்புக்கு ஏலாத நேரத்தில.

சிரிக்கிறியள், சிரியுங்கோ. இனித்தான் கதை இருக்கு.

ஒரு வியாழக்கிழமை, அதே ஆசுப்பத்திரி, மருந்து குடுக்கிற ஜன்னலடி. ரீச்சர் சீலைத் தலைப்பால தலையை மூடிக்கொண்டு நிக்கிறா. முன்னால வரிசையில ஒரு ஆள் கிளினிக் கொப்பியோட திரும்புறா. ஆர்? பக்கத்து வீட்டு மாமி! பக்கத்தில மாமியின்ர கடைசிப் பெடியன். கொழும்பில நிண்டு படிக்கிறான் எண்டு ஊர் முழுக்க மாமி சொல்லி வைச்சிருந்த பெடியன். அவன் கொழும்புக்குப் போகவே இல்லை. ஏஎல் சோதனைக்குப் பிறகு காதில ஆரோ கதைக்கிற மாதிரிக் கேக்குது எண்டு சொல்லத் தொடங்கினவன், "விசர்" எண்டு ஊர் சொல்லும், தமக்கையின்ர சம்பந்தம் குழம்பும் எண்டு உள் அறைக்கையே வைச்சிருந்தவை, பகலில முற்றத்துக்கு வர விடேல்லை. மாமியும் ஒவ்வொரு முறையும் கேக்கிறவைக்கு "மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குப் போட்டு வாறன்" எண்டுதான் வெளிக்கிட்டிருக்கிறா, பெடியனை இருட்டோட ஓட்டோவில முன்னுக்கு அனுப்பிப்போட்டு.

ஐயா, இப்ப கதையை மாமியின்ர பக்கத்தால ஒருக்காப் பாப்பம். மாமி ஏன் ஒவ்வொரு வியாழனும் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தவ? விடுப்புக்கெண்டுதான் நாங்கள் எல்லாரும் நினைச்சம், ரீச்சரும் அப்பிடித்தான் நினைச்சுத் திட்டினவ. இல்லை! ரீச்சர் எந்த பஸ்ஸில போறா எண்டு தெரிஞ்சால்தான் மாமி அதுக்கு அடுத்த பஸ்ஸில போகலாம்! ரீச்சர் மாமிக்குப் பயந்து விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட, மாமி ரீச்சருக்குப் பயந்து பஸ் ஹோல்ட்டில ஒளிச்சு நிண்டு, ஒரே வேலி, ஒரே றோட்டு, ஒரே ஆசுப்பத்திரி, ரெண்டு பேரும் ஆளுக்காள் பயந்துகொண்டு. அந்த ஜன்னலடியில ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து, முதல்ல மாமி "மாவிட்டபுரத்துக்குப் போற வழியில..." எண்டு தொடங்கினவ, முடிக்கேல்லை. ரீச்சர் சீலைத் தலைப்பை எடுத்திட்டா. அவ்வளவுதான், ரெண்டு பேரும் அந்த வாங்கிலயே இருந்து அழுதவை.

அண்டையில இருந்து ஒரே ஓட்டோ, காசு பாதிப் பாதி. மாமி கஞ்சி வைச்சு வேலிப் பொட்டுக்குள்ளால குடுக்கிறா, ரீச்சர் அந்தப் பெடியனை முற்றத்தில கதிரை போட்டு இருத்தி இங்கிலிஸ் சொல்லிக் குடுக்கிறா. குளிசை ஒழுங்காப் போட்டு அவன் இப்ப கடையொண்டில கணக்கு எழுதுறான். எதிரணி ஐயாமாரே, கதைச்சதால அங்க எந்தக் குடும்பம் குலைஞ்சது? கதைக்காமல் இருந்த காலத்தில ரீச்சரின்ர கட்டி வளர்ந்தது, பெடியன் வெயில் காணாமல் கிடந்தவன்.

இலங்கையில பொம்பிளையளுக்கு ஆகக்கூட வாற புற்றுநோய் மார்புப் புற்றுநோய்தான், வெள்ளனப் பிடிச்சால் சுகப்படுத்தலாம். 35 வயசு தாண்டின பொம்பிளையளைப் பரிசோதிக்க எண்டே வெல் வுமன் கிளினிக் 1996இல இருந்து நடக்குது, காசில்லை. 2017இல இருந்து ஆறாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்திலயே கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போடுகினம். எல்லாம் இருக்கு, "அம்மா, நீங்கள் ஒருக்கா அங்க போனீங்களோ" எண்டு வீட்டில கேக்கத்தான் ஆளில்லை. இதெல்லாம் எங்கட பண்பாடில்லை எண்டு எதிரணித் தலைவர் சொன்னவர். ஐயா, மானிப்பாயில அமெரிக்க மிசனறி டொக்டர் கிறீன் 1800களின்ர நடுப்பகுதியிலயே எங்கட பெடியளுக்குத் தமிழ்லயே மருத்துவம் படிப்பிச்சு, பிள்ளைப்பேறு வரைக்கும் தமிழ்ல புத்தகம் போட்ட மண் இது.

சரி, தம்பியிட்ட வாறன். தட்டில மெடிக்கல் ரிப்போர்ட். தம்பி, குடுக்கத்தான் வேணும்! குறிப்புக் குடுக்கிறேல்லையோ? பிள்ளை பிறந்த நேரம், நட்சத்திரம், எட்டில செவ்வாயோ ஏழில செவ்வாயோ எண்டு எல்லாத்தையும் போட்டோக்கொப்பி எடுத்துப் புரோக்கரிட்டக் குடுத்து, அவர் அதை வட்ஸ்அப்பில சுவிஸுக்கும் லண்டனுக்கும் அனுப்பி, முன்பின் தெரியாத ஆக்கள் எல்லாம் எங்கட பிள்ளையின்ர கிரகத்தை இருந்து ஆராயேக்க வராத கூச்சம், ஒரு இரத்தப் பரிசோதனைக்கு ஏன் வருகுது? தலசீமியா எண்டு ஒரு இரத்த வருத்தம். அதைக் காவுறவைக்கு வெளியில ஒண்டும் தெரியாது, நல்ல திடகாத்திரமா இருப்பினம். ஆனா மாப்பிள்ளை பொம்பிளை ரெண்டு பேருமே காவுறவையா இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வருத்தம் முழுசா வாறதுக்கு நாலில ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, வந்த பிள்ளைக்குக் காலம் முழுக்க இரத்தம் ஏத்தவேணும். மச்சானுக்கு மச்சாளைக் கட்டிக் குடுக்கிற ஊர் எங்கட ஊர், சொந்தத்துக்குள்ள அந்த வாய்ப்பு இன்னும் கூட. செவ்வாயைப் பாருங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை, இரத்தத்தையும் பாருங்கோ.

இன்னும் கேளுங்கோ தம்பி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை, வலிப்பு வருத்தம், குளிசை போட்டால் ஒண்டுமில்லை, வருசக்கணக்கா வரவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் கட்டிக் குடுத்தவை, நீங்கள் சொன்ன மாதிரி, தட்டில ரீயும் பலகாரமும் மட்டும். அந்தப் பிள்ளை குளிசையை எங்க ஒளிச்சு வைச்சது தெரியுமோ? மாதவிலக்குக்குப் பாவிக்கிற பாட் பக்கெற்றுக்குள்ள. ஏனெண்டால் அந்த வீட்டில ஆம்பிளையள் அந்தப் பக்கெற்றைத் தொடமாட்டினம், தொடக் கூச்சம்! ஒரு கூச்சத்துக்குள்ள இன்னொரு கூச்சத்தை ஒளிச்சு வைச்சுச் சீவிச்ச பிள்ளை அது. பயணம் போன இடத்தில ரெண்டு மூண்டு நாள் குளிசை போடேலாமல் போய், திரும்பி வந்து அடுப்படியில மாமியாருக்கு முன்னால வலிப்பு வந்து விழுந்து, கை வெந்துபோச்சு. மாமியார் பேய் பிடிச்சிட்டுது எண்டு பூசாரியிட்டக் கொண்டு ஓடினவ, அவவையும் குறை சொல்லேலாது, அவவுக்கு ஆர் சொன்னது? வலிப்புக்குக் குடுக்கிற சில குளிசையள், வல்ப்ரோயேற் மாதிரி, பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க வயித்துப் பிள்ளையைப் பாதிக்கும், டொக்டரோட கதைச்சு முன்னமே மாத்தவேணும். மனிசனுக்கே தெரியாமல் குளிசை போடுற பிள்ளை, பிள்ளைக்கு யோசிக்கிறன் எண்டு டொக்டரிட்ட எப்பிடிப் போகும்?

சொன்னால் மாப்பிள்ளை வேண்டாம் எண்டு போயிடுவான் எண்டு சொல்லுவியள். போகட்டும், தட்டில ரீ ஆறமுதல் போகட்டும்.

மனசு நோகும், அதால சில விசயம் கேக்கக்கூடாது எண்டும் தம்பி சொன்னவர். 1995இல இந்த நாட்டில லட்சத்துக்கு 47 பேர் அளவில தற்கொலை செய்தவை, உலகத்திலயே ஆகக்கூடின நாடுகளில ஒண்டு. ஆகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு அது பாதிக்கு மேல குறைஞ்சது. போத்தலை அரசாங்கம் எடுத்திட்டுது. "உனக்குச் சாகிற யோசனை வருதோ" எண்டு பிள்ளையைக் கேக்கிற வேலை வீட்டில இருக்கிற எங்கட வேலை. கேட்டால் அந்த யோசனை புதுசா வரும் எண்டது பிழை, கேக்கிறதால பாரம் குறையும் எண்டுதான் வைத்தியர்மார் சொல்லுகினம். கேக்கத் தெரியாட்டி 1926 எண்ட இலக்கத்துக்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், அந்தப் பக்கத்தில ஆள் இருக்கும்.

மணி அடிச்சிட்டியள் ஐயா, விளங்குது, ஒரு நிமிசம் தாங்கோ.

இந்தப் பந்தலுக்குள்ள இருக்கிற கன அம்மா அப்பாமாருக்குப் பிள்ளையள் வெளியில. ஒவ்வொரு இரவும் போன் வரும். "எப்பிடியம்மா?" "நல்ல சுகம் ராசா, நீ?" "நானும் சுகம் அம்மா." அண்மையில ஒரு செத்தவீட்டில நிண்டனான். மகன் ரொறன்ரோவில, விசா அலுவல் முடியேல்லை, வரேலாது. கமராக்காரர் லைவ் போட, பிள்ளை அங்க கட்டிலில இருந்து பாத்துக்கொண்டிருக்கு. சித்தியார் போனைக் கொண்டுபோய்த் தாயின்ர காதடியில பிடிச்சவ, அவன் கத்தின சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. கத்தி ஓய்ஞ்ச பிறகு அவன் கேட்டவன், "சித்தி, அம்மாவுக்கு என்ன வருத்தம்?" எண்டு. கிழமைக்கு ரெண்டு தரம் டயலிசிஸ் செய்த மனிசி ஐயா. அந்தப் பிள்ளை அண்டைக்குத்தான் டயலிசிஸ் எண்டதையே கேள்விப்படுகுது. அவன் கவலைப்படுவான் எண்டு சொல்லேல்லையாம். அவனும் அங்க வேலை போய், தனிச்சுப்போய், நித்திரை வராமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவன், அம்மா கவலைப்படுவா எண்டு அவனும் சொல்லேல்லை. ரெண்டு பேரும் பாசத்திலதான் மறைச்சவை, அந்தப் பாசத்தை ஒருத்தருக்கொருத்தர் குடுக்காமலே தாய் போயிட்டா.

எனக்கு இதுக்கு மேல வாதம் வருகுதில்லை. தீர்ப்பை நீங்கள் எந்தப் பக்கம் சொன்னாலும் பரவாயில்லை நடுவர் ஐயா. அம்மாமாரே, அப்பாமாரே, இண்டைக்கு இரவு போன் வரேக்க உங்கட சீனி எத்தினை, பிறசர் எத்தினை, டொக்டர் கடைசியா என்ன சொன்னவர் எண்டு, கொப்பியில உள்ளதை உள்ளபடி பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. பிறகு "நீ உண்மையா எப்பிடி இருக்கிறாய்" எண்டு கேட்டிட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் போனை வைக்காதேங்கோ. நன்றி, வணக்கம்.