செஷயர் தன் உயரமான மலையைத் தொலைத்த கதை

வணக்கம் மக்களே. காற்று மைக்கில் புகுந்து இரைகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டருக்குக் கிழக்கே, பாட்டம்ஸ் நீர்த்தேக்கத்தின் கரைமேல் நிற்கிறேன். மேட்டில் கரும்பழுப்புக் கல்வீடுகள் தெரிகின்றன அல்லவா, அதுதான் டின்ட்விசில். எழுதுவதுதான் அப்படி, உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘டின்சல்’. பஸ்ஸில் முழுப்பெயரையும் சொல்லி டிக்கெட் கேட்டேன், டிரைவர் சிரித்துவிட்டார்.

இந்தச் சின்ன ஊருக்கென்றே ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் இருந்தது. உடனே கலெக்டர் ஆபீஸை நினைக்காதீர்கள். நம் மாவட்டம் மாதிரி இங்கே கவுண்டி. ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஏறக்குறைய ஊராட்சி ஒன்றியம்.

ஆஷ்டன்-அண்டர்-லைனைச் சேர்ந்த பழைய கிராமச் சுகாதார வட்டாரம் லங்காஷயர், செஷயர் என்ற இரண்டு கவுண்டிகளிலும் கால் வைத்திருந்தது. 1894 உள்ளாட்சிச் சட்டம் அதைக் கவுண்டி எல்லையில் வெட்டியது. செஷயர் பக்கம் விழுந்த துண்டுதான் டின்ட்விசில் ரூரல் டிஸ்ட்ரிக்ட். கூடவே ஹாட்டர்ஸ்லி, மாட்லி என்று இரண்டு ஊர்கள் இருந்தன. 1936-ல் அவையும் அக்கம்பக்கத்து நகரங்களோடு போய்விட்டன. அப்புறம் ஒரே ஊரை வைத்து ஒரு ஒன்றியம்! அப்படியே 38 வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

ஊர்தான் ஒன்று, நிலம் கொஞ்சநஞ்சமல்ல. பழைய வரைபடத்தில் செஷயர் கிழக்கே ஒரு கையை நீட்டி யார்க்‌ஷயரைத் தொடும். அந்தக் கை முழுக்க இந்தப் பள்ளத்தாக்கும் ஆளில்லாத மேட்டுநிலமும்தான். கீழே ஓடும் ஈதரோ ஆறுதான் அப்போது எல்லை. இந்தக் கரை செஷயர், அந்தக் கரை டார்பிஷயர். ஆற்றை மறித்து வரிசையாக நீர்த்தேக்கங்கள். பேட்மன் என்ற பொறியாளர் 1848-ல் தொடங்கிய வேலை, 1877 வரை இழுத்தது. தண்ணீர் மான்செஸ்டருக்கு.

1974 ஏப்ரல் 1-ஆம் தேதி நாடு முழுக்க ரூரல் டிஸ்ட்ரிக்டுகளைக் கலைத்தார்கள். பக்கத்து லாங்டென்டேல் கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போனது. டின்ட்விசிலை டார்பிஷயரின் ஹை பீக் என்ற புது டிஸ்ட்ரிக்டில் சேர்த்தார்கள், அதாவது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களோடு. நட்டம் செஷயருக்கு. 582 மீட்டர் பிளாக் ஹில்தான் அதன் உச்சி, அதுவும் கையோடு போயிற்று. இப்போது 559 மீட்டர் ஷைனிங் டோரை வைத்துச் சமாளிக்கிறது.

சரி, தூறல் விழுகிறது. கிரவுடன் வரை போய், அங்கிருந்து பென்னைன் வே பாதையில் பிளாக் ஹில் ஏறப்போகிறேன். மேலே சேறாம், பூட்ஸ் வேறு புதுசு.