மேகத்தில் கட்டிய குழாய்

அனைவருக்கும் வணக்கம்.

நம்பிக்கையூட்டும் அறிவியல் புனைகதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாய உலகக் கதைகளையும், இயற்கையைக் கெடுக்காத வடிவமைப்பு பற்றிய நூல்களையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். என்னைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு கதை.

1905ஆம் ஆண்டு. மதராஸிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில் 'சுல்தானாவின் கனவு' என்றொரு சிறுகதை வெளியானது. எழுதியவர் வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். கணவர் துணை மாஜிஸ்திரேட். அவர் வெளியூர் முகாம் போயிருந்தபோது பொழுதுபோகாமல் எழுதியது இது. திரும்பி வந்தவர் நின்றபடியே முழுதும் படித்து முடித்து, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

பழிவாங்கல்தான். கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். சமையலறையைச் சுற்றிக் காய்கறித் தோட்டம். உள்ளே கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கிகூட இல்லை. சூரிய வெப்பத்தைப் பிடித்துவைத்துச் சமைக்கிறார்கள். சமைப்பவர்கள் ஆண்கள்! விருந்தாளியான பெண் பார்க்க வருகிறாள் என்றதும் அவர்களைச் சற்று ஒதுங்கிப் போகச் சொல்கிறார்கள். அலுவலக வேலை பெண்களுக்கு இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எப்படி என்றால், ஒரு சுருட்டு எரிய அரை மணி. ஆண்கள் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் அதிலேயே போய்விடுகிறதே என்று கணக்குக் காட்டுகிறார் ரொக்கையா. 120 வருஷம் கழித்தும் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. சுருட்டுக்குப் பதிலாகக் கைபேசி என்று போட்டுக்கொள்ளுங்கள். அப்போது பெண்களும் மாட்டிக்கொள்வோம்.

சூரிய அடுப்பு அவர் காற்றில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. 1870களிலேயே பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்ணாடிகளை வைத்து வெயிலில் சமைத்துக் காட்டியிருக்கிறார். இன்றைக்கு ஆரோவில் போனால், பொதுச் சமையலறையின் கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அதில் விழும் வெயில் நீராவியாகிக் கீழே சோறாக்குகிறது. அடுப்பு அப்படி ஒன்றும் நடக்காத காரியமில்லை. கதையில் ஆண்கள் அந்த ஆராய்ச்சியை வெறும் உணர்ச்சிப் பிதற்றல் என்று கேலி செய்கிறார்கள். அதையும் நாம் கேட்டிருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது கதையில் வரும் இன்னொரு கருவி. ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்துக்கு மேலே பலூன் ஒன்றைக் கட்டி நிறுத்துகிறது. அதில் குழாய்கள். வேண்டிய தண்ணீரை வானத்திலிருந்தே இழுத்துக்கொள்கிறார்கள். இழுத்துக்கொண்டே இருப்பதால் மேகம் திரள்வதில்லை. மழையும் புயலும் நின்றுவிடுகின்றன. சபாஷ். ஆனால் பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டிய மழை என்னவாயிற்று? கதை அதைக் கேட்கவில்லை. நாம் காவிரிக்காரர்கள், கேட்காமல் இருக்க முடியுமா?

அதைக் கேட்டவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். அறிவியல் கதையில் இல்லை, மந்திரவாதிக் கதையில். 1968இல் வந்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'. கெட் என்ற சிறுவன் ஓகியன் என்ற பெரிய மந்திரவாதியிடம் சீடனாகச் சேர்கிறான். மலைப்பாதையில் மழை பிடித்துக்கொள்கிறது. குரு ஒரு மந்திரம் சொல்லி மழையைத் தள்ளிவிடுவார் என்று பார்த்தால், அவர் பாட்டுக்கு ஓர் அடர்ந்த மரத்தடியில் படுத்துவிடுகிறார். பையன் புதருக்குள் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, பயன்படுத்தாத சக்தி எதற்கு என்று மனசுக்குள் பொருமுகிறான். அந்த ஊரில் மந்திரவாதிகள் அதிகம். ஒருவர் தள்ளிய மேகத்தை அடுத்தவர் தள்ள, அது திக்குத் தெரியாமல் தடுமாறிக் கடலுக்குப் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யும் என்று எழுதுகிறார். சிரிக்க வைக்கிற பத்திதான். ஆனால் நீர் மேலாண்மை பற்றி நான் படித்த பல தடித்த புத்தகங்களைவிட அது தெளிவு.

நான் சொன்ன கேள்வி இதுதான்: செலவு யார் தலையில்? எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்டும் புத்தகம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. செலவுக் கணக்கைத் திறந்து காட்டும் புத்தகம் தருகிறது.

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் த ஃப்யூச்சர்' 2020இல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் வெப்ப அலையில் இரண்டு கோடிப் பேர் சாவதில் தொடங்குகிறது. குளத்து நீரில் இறங்கி நின்றால் பிழைக்கலாம் என்று போகிறார்கள். அந்தத் தண்ணீரே கொதிக்கக் கிடக்கிறது. இதையா நம்பிக்கைப் புத்தகம் என்கிறீர்கள் என்று கேட்கலாம். ஆம். அதன்பின் இந்தியா விமானங்களை அனுப்பி வான்மேல் துகள் தூவி வெயிலைக் குறைக்கப் பார்க்கிறது, மற்ற நாடுகள் முகம் சுளிக்கின்றன. ஓகியன் தள்ளாமல் விட்ட மழை இங்கே ஐ.நா. விவகாரமாகிவிடுகிறது. நடுவில் பணக்கொள்கை பற்றிய பக்கங்கள் நிறைய. நான் சிலவற்றைத் தாண்டித்தான் போனேன்.

எர்னஸ்ட் காலன்பாக்கின் 'எகோடோப்பியா', 1975. பதிப்பகங்கள் கைவிரித்த பிறகு வெளியான நூல். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன ஒரு பசுமை நாட்டின் கதை. சான் பிரான்சிஸ்கோவின் பெரிய கடைவீதியில் மூடிக்கிடந்த ஓடையைத் திறந்துவிட்டிருப்பார்கள். வாரம் 20 மணி நேரம்தான் வேலை. ஆசையாக இருக்கும். ஆனால் கறுப்பின மக்கள் தனி நகரில் ஒதுங்கி வாழ்வார்கள். அந்த இடத்தில் எனக்குப் புத்தகம் கசந்துவிட்டது. ஊரும் சேரியும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சாக்கடையை யார் அள்ளுவது? 2013இல் சட்டம் போட்ட பிறகும் கழிவுநீர்க் குழிக்குள் ஆள் இறங்கிச் சாகிற நாட்டில் உட்கார்ந்து எதிர்காலக் கதை படிப்பவர் இதைக் கேட்டே தீர வேண்டும். லெ குவினின் 'தி டிஸ்பொஸஸ்டு' 1974லேயே பதில் சொல்கிறது. அனாரெஸ் என்ற வறண்ட நிலவில் அரசும் இல்லை, சொத்தும் இல்லை. அழுக்கு வேலை எல்லோருக்கும் முறைவைத்து வரும். தானே விரும்பினாலொழிய யாரும் அதிலேயே கிடக்க வேண்டியதில்லை. கதையின் நாயகனான இயற்பியல் மேதைக்கும் முறை உண்டு. அதோடு நிறுத்தியிருந்தால் பிரசாரம். ஆசிரியர் நிறுத்தவில்லை. பஞ்சம் வருகிறது. யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போடும் வேலை அந்த மேதையிடம் வருகிறது. தாங்க முடியாமல் விட்டுப் போகிறான். வேறொருவர் அந்தப் பட்டியலைப் போடுகிறார்.

இந்தக் கண்ணோடு வடிவமைப்பு நூல்களுக்கு வந்தால் நேரம் மிச்சமாகும். கிறிஸ்டஃபர் அலெக்சாண்டர் குழுவினரின் 'எ பேட்டர்ன் லேங்குவேஜ்', 1977. வீடும் ஊரும் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 253 வடிவங்கள். ஒன்று, பால்கனி ஆறடிக்குக் குறைவான ஆழம் இருந்தால் யாரும் அதில் உட்காரமாட்டார்கள் என்பது. உங்கள் அடுக்ககத்தில் போய் அளந்து பாருங்கள். மூன்றடி இருக்கும், துணிக்கொடியும் உடைந்த நாற்காலியும் இருக்கும்.

ஜூலியா வாட்சனின் 'லோ-டெக்' பழங்குடிகளும் உள்ளூர் மக்களும் கண்ட தொழில்நுட்பங்களைத் தொகுத்த நூல். படங்கள் கண்ணைப் பறிக்கும். மேகாலயாவில் காசி மக்கள் ரப்பர் ஆல வேர்களைப் பாக்குமரத் தண்டுக்குள் விட்டு ஓடையைக் கடக்கவைத்து வளர்க்கும் பாலங்கள் அதில் உண்டு. பாரம் தாங்க ஒரு தலைமுறை ஆகும். நட்டவர் கணக்கில் செலவு, பேத்தி கணக்கில் வரவு. எல்லோரும் படம் எடுத்துப் போடும் பாலம் அதுதான்.

நான் நின்று படித்தது அதே நூலில் வரும் கொல்கத்தாப் பகுதியை. நகரத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று மாநில அரசுப் பொறியாளர் துருபஜ்யோதி கோஷ் 1980களில் தேடிக்கொண்டு கிழக்கே போனார். கால்வாய் வழியாக அது 'பேரி' எனப்படும் ஆழமில்லாத மீன்குளங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வெயில் அடிவரை இறங்குகிறது, பாசி வளர்கிறது, கழிவு மட்குகிறது, மீன் தின்று கொழுக்கிறது. கரை அலையில் கரையாமலிருக்க ஆகாயத்தாமரையை ஓரமாகக் கட்டிவைக்கிறார்கள். நாம் ஏரிகளில் திட்டித் தீர்க்கும் அதே ஆகாயத்தாமரைதான். இதை எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுக்கவில்லை. மீன் வளர்ப்பவர்கள் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் சதுப்புநிலம் 2002இல், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே உயர் நீதிமன்றம் நிலத்தை மாற்றக் கூடாது என்று சொன்னது. மனைக்காரர்கள் கண் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்தக் குளத்தில் காலையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலை இழுக்கிறவருக்கு என்ன கூலி, அவர் பிள்ளை அதே வேலைக்கு வருவானா? படங்களில் அவர் அழகாக நிற்கிறார், அவ்வளவுதான். அவரை நாயகனாக வைத்து, 2080இல் நடக்கிற மாதிரி யாராவது ஒரு நாவல் எழுதுங்கள். இந்த அரங்கில் எழுதுகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். பணத்தைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.