முந்திரிக்கொட்டையும் பிரேக் பேடும்

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகிற ரோட்டில் ஆதனக்கோட்டை வந்தால், முந்திரி வறுக்கும் வாசனைக்கு பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட எழுந்துவிடுவார்கள். அங்கே சித்தி வீட்டுக்குப் போனபோது பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து, உதடு வெந்து, மூன்று நாள் மோர்சாதமே கதியென்று கிடந்தவன் நான். சித்தி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே திட்டினார்: "அந்த ஓட்டு எண்ணெய் ஆளையே பொசுக்கிடுமேடா!"

பல வருஷம் கழித்து பிரேக் பேட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு மூட்டையில் பழுப்புத் தூள். "என்னண்ணே இது?" என்றேன். "முந்திரி ஓட்டு எண்ணெய்தான், கெட்டியாக்கி அரைச்சது" என்றார் மேஸ்திரி. என் கை தானாக உதட்டுக்குப் போனது. காரை நிறுத்துகிற பேடில் அந்தத் தூள் கலந்திருக்கிறது, நேயர்களே. பேட் கட்டாந்தரையாக இறுகாமல் கொஞ்சம் மெத்தென்று இருக்க, கிறீச்சென்று கத்தாமல் இருக்க, அதுதான் கைகொடுக்கிறது.

மற்றதெல்லாம் சமையல்தான். எஃகு நார், கிராஃபைட், பேரைட் என்கிற கனிமப் பொடி, எல்லாவற்றையும் பிடித்துவைக்க பீனால் பிசின். முன்பு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். நுரையீரலைத் தின்றதால் பல நாடுகளில் ஒழித்துவிட்டார்கள். கலவையை எஃகுத் தகட்டின்மேல் வைத்து, 150 டிகிரியைத் தாண்டிய சூட்டில் அழுத்துவோம். அப்போது பிசினிலிருந்து வாயு கிளம்பும். ஒரே மூச்சில் அழுத்தினால் உள்ளே கொப்புளம், விரிசல். அதனால் அச்சை லேசாகத் திறந்து, மூடி, திறந்து, மூடி... குக்கருக்கு ஆவி விடுவதுபோல. இதில் அவசரப்பட்டவன் பேட் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கித் தாங்காது. நம் டெல்டா ரோடு தட்டைதான். ஆனால் தை மாசம் ரோட்டில் நெல் காயும், குறுக்கே மாடு வரும். இங்கேயும் பிரேக்கை மிதிக்கத்தானே வேண்டியிருக்கிறது?

பிறகு மணிக்கணக்கில் அடுப்பில் சுட்டெடுத்து... ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று ஒற்றை விரல் காட்டுகிறார்கள். சரி. தேய்த்து மட்டம் பண்ணுவது, காடி வெட்டுவது, பெயின்ட் எல்லாம் இன்னொரு நாள்.

இதை மட்டும் கேளுங்கள். பல பேடுகளில் சின்னத் தகட்டு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்ததும் அது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்கில் உரசிக் கீச்சிடும். ரேடியோவைச் சத்தமாக வைத்து அதை மறைக்காமல் மெக்கானிக்கிடம் போங்கள். மாற்றும்போது இடது, வலது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். வணக்கம்.